ரேஸ் பைத்தியம் கட்டிய கார்: கார்டன் முர்ரே ஏன் கிராம் கிராமாக எடை குறைக்கிறார்?

1988 செப்டம்பர் 11. இத்தாலியின் மிலான் நகரில் உள்ள லினாட்டே விமான நிலையம். பக்கத்து ஊரான மோன்சாவில் நடந்த ஃபார்முலா 1 போட்டியில் தோற்றுவிட்டு, ஊர் திரும்பக் காத்திருக்கிறார்கள் மெக்லாரன் அணிக்காரர்கள். அந்த சீசனில் மொத்தம் 16 போட்டிகள். அதில் 15-ஐ ஜெயித்த அணி அது. கோட்டைவிட்ட ஒரே போட்டி, அன்றைக்கு மோன்சாவில் நடந்ததுதான். போதாக்குறைக்கு விமானமும் லேட்.

நேரம் போகாமல் நாலு பேர் பேச ஆரம்பிக்கிறார்கள். அணியின் தலைவர் ரான் டென்னிஸ், பங்குதாரர் மன்சூர் ஓஜ்ஜே, நிர்வாகி கிரைட்டன் பிரவுன், தொழில்நுட்ப இயக்குநர் கார்டன் முர்ரே. பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: ரேஸ் கார் கட்டத் தெரிந்த நாம், ரோட்டில் ஓடுகிற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினால் என்ன?

மற்ற மூவருக்கும் அது புது பிசினஸ் யோசனை. முர்ரேவுக்கு அப்படியில்லை. சின்ன வயசிலிருந்தே அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்த கார் அது. அந்தப் பேச்சிலிருந்து பிறந்த மெக்லாரன் எஃப்1, உலகத்தின் மிகச் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அதன் ரகசியம் என்ன? பதில் ஒரே வார்த்தை: எடை. அந்த வார்த்தை அவர் தலைக்குள் எப்படி ஏறியது என்பதற்கு, ஃபார்முலா 1-க்கும் முன்னால் போக வேண்டும்.

காசு இல்லை, ஆனா ரேஸ் ஓடணும்!

முர்ரே பிறந்தது 1946-இல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில். டர்பன் நமக்கும் அந்நியமான ஊர் கிடையாது. 1860-இல் கரும்புத் தோட்ட வேலைக்காக மெட்ராஸிலிருந்து கப்பலேறியவர்கள் போய் இறங்கிய துறைமுகம் அதுதான்.

முர்ரேயின் பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். அப்பா மோட்டார் பைக் ரேஸ் ஓட்டியவர், பிறகு ரேஸ் கார்களைத் தயார்செய்து கொடுத்தவர். அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பையனுக்கு வேற என்ன ஆசை வரும்? தானும் ரேஸ் ஓட்ட வேண்டும் என்பதுதான்.

ஆனால் ரேஸ் கார் வாங்கக் காசு இல்லை. ஒரு நிறுவனத்தில் வேலை பழகிக்கொண்டே மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த இளைஞன் அவர். வாங்க முடியாதுன்னா என்ன, நாமே கட்டிடுவோம் என்று இறங்கிவிட்டார்.

இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மேன், சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டே பெரிய கார்களை ஜெயிக்கும் வித்தையைக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய ‘லோட்டஸ் 7’ பாணியில், ஃபோர்டு ஆங்லியா காரின் சின்ன இன்ஜினை எடுத்து, மற்றதையெல்லாம் தானே வடிவமைத்து ஒரு கார் கட்டினார் முர்ரே. பெயர் ‘ஐஜிஎம் ஃபோர்டு’. ஐஜிஎம் என்பது இயன் கார்டன் முர்ரே என்ற அவருடைய முழுப் பெயரின் சுருக்கம். 1967, 68-இல் அந்த காரில் தானே உட்கார்ந்து ரேஸும் ஓட்டினார். அவர் கணக்கில் அதுதான் ‘டி.1’, அதாவது முதல் கார். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

பெரிய இன்ஜினுக்குக் காசில்லாதவன் வேகமாகப் போக ஒரே வழிதான் உண்டு. காரை இலேசாக்க வேண்டும். முர்ரேவுக்கு எடைக் குறைப்பு கொள்கையாக வருவதற்கு முன்னால், வேறு வழியில்லாத நிலைமையாகத்தான் வந்தது.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்?

உங்க பைக்கையே எடுத்துக்குங்க. தனியாகப் போகும்போது சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறிக்கொண்டு கிளம்பும். பின்னால் ஒரு கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போங்கள். அதே இன்ஜின், அதே பெட்ரோல். ஆனால் கிளம்பத் திணறும், பிரேக் பிடித்தால் தள்ளி நிற்கும், வளைவில் திரும்பவே பயமாக இருக்கும்.

இதுதான் விஷயம். குதிரைத்திறனைக் கூட்டினால் நேர் ரோட்டில் மட்டும்தான் லாபம். எடையைக் குறைத்தால் கிளம்புவது, திரும்புவது, நிற்பது என்று எல்லாவற்றிலும் லாபம். டயரும் பிரேக்கும் தேய்வது குறையும், பெட்ரோலும் மிச்சமாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எடை, குட்டி போடும்! காரில் 50 கிலோ கூட்டினால் கதை அந்த 50 கிலோவோடு முடியாது. அதை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்குக்குப் பெரிய சக்கரம். அதைத் தாங்க வலுவான சஸ்பென்ஷன். இத்தனையையும் இழுக்கப் பெரிய இன்ஜின். அதற்குப் பெரிய பெட்ரோல் டாங்க். சுற்றிச் சுற்றி எடை ஏறிக்கொண்டே போகும். எடையைக் குறைத்தால் இதே சக்கரம் தலைகீழாகச் சுற்றும். எல்லாமே சின்னதாகும்.

காற்றை உறிஞ்சிய கார்

1969-ஆம் ஆண்டின் கடைசியில் முர்ரே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லோட்டஸில் வேலை கிடைக்கும் என்பது கனவு. அங்கே அப்போது ஆள் எடுக்கவில்லை. பிராபாம் என்ற இன்னொரு ஃபார்முலா 1 அணியில், அதன் வடிவமைப்பாளர் ரான் டாரனாக்கிடம் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அந்த அணியை பெர்னி எக்லஸ்டன் வாங்கினார். இருபதுகளின் நடுவில் இருந்த முர்ரேயிடம் தலைமை வடிவமைப்பாளர் பொறுப்பைத் தூக்கிக் கொடுத்தார்.

முர்ரே வடிவமைத்த கார் முதன்முதலாக ஃபார்முலா 1 போட்டியை வென்றது 1974-இல். எங்கே தெரியுமா? தென்னாப்பிரிக்காவில்! கார்லோஸ் ராய்ட்டமன் ஓட்டிய ‘பிடி44’ கயலாமி மைதானத்தில் முதலாவதாக வந்தது. ரேஸ் கார் வாங்கக் காசில்லாத பையன் கிளம்பிய அதே நாட்டில் முதல் வெற்றி.

அதைவிடப் பெரிய பரபரப்பு 1978-இல் ஸ்வீடனில். காரின் பின்பக்கம் பெரிய ஃபேன் ஒன்றை மாட்டிக் கொண்டுவந்தார். இன்ஜினைக் குளிர்விக்க என்பது அணி சொன்ன காரணம். உண்மையில் அது செய்த முக்கியமான வேலை, காருக்கு அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவது. வாக்குவம் கிளீனரின் வாய் தரைவிரிப்பில் ‘பச்சக்’கென்று ஒட்டிக்கொள்ளும் இல்லையா? அதுபோல கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் பயந்து மெதுவாகத் திரும்பும் வளைவுகளில் இது அவர்களைவிட வேகமாகத் திரும்பியது.

தகுதிச் சுற்றிலேயே இதன் வேகம் வெளியே தெரிந்துவிட்டால் வம்பு என்று, டாங்க் நிறைய பெட்ரோல் ஊற்றிக் காரைக் கனமாக்கி ஓட்டினார்கள். எடையைப் போட்டு வேகத்தை ஒளித்துவைத்த கதை! போட்டியன்று நிக்கி லாடா அரை நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் ஜெயித்தார். மற்ற அணிகள் கொதித்துப் போயின. கார் உடனே திரும்பப் பெறப்பட்டது, ஃபேனுக்கும் தடை வந்தது. ஓடியது ஒரே ரேஸ், அதிலும் வெற்றி.

1981, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் முர்ரேயின் கார்களில் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனார். 1983 காரில் இருந்தது பிஎம்டபிள்யூ டர்போ இன்ஜின். அதை உருவாக்கியவர் பால் ரோஷே. இவரும் கதையில் திரும்ப வருவார்.

எல்லாமே வெற்றி இல்லை

1986-இல் முர்ரே ரொம்பவும் தாழ்வான ஒரு காரை வடிவமைத்தார். பெயர் ‘பிடி55’. ஓட்டுபவர் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்த நிலையில் இருப்பார். காற்றின் தடையைக் குறைக்க இன்ஜினையே பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். பேப்பரில் பிரமாதமான யோசனை. ஆனால் சாய்ந்த இன்ஜினுக்குள் ஆயில் சரியாகச் சுற்றவில்லை. கார் அடிக்கடி நின்றது.

அதே வருஷம் மே மாதம், பிரான்ஸில் பால் ரிக்கார்டு மைதானத்தில் சோதனை ஓட்டம். பின்பக்க இறக்கை கழன்று கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர் இத்தாலிய வீரர் எலியோ டி ஏஞ்சலிஸ், வயது 28. சோதனை நாள் என்பதால் மீட்புக்கு ஆட்கள் போதவில்லை. மறுநாள் அவர் இறந்துபோனார். ரேஸ் உலகில் ஒவ்வொரு கிராமுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பின்னால் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க முடியாதபடி செய்த சம்பவம். அந்த சீசன் முடிவில் முர்ரே பிராபாமை விட்டு விலகினார். அடுத்துப் போனது மெக்லாரனுக்கு.

ஓட்டுபவர் நடுவில், தங்கம் இன்ஜினில்

இப்போது லினாட்டே விமான நிலையத்துக்குத் திரும்புவோம். அந்தப் பேச்சுக்குப் பிறகு ரோடு காருக்கான வேலை முர்ரேயிடம் வந்தது. தன் மனதில் இருந்ததையெல்லாம் மேஜையில் கொட்டினார்.

முதல் விஷயம், ஸ்டீயரிங் நடுவில். ஓட்டுபவர் ரேஸ் காரில் போலச் சரியாக மையத்தில் உட்காருவார். இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி ஒவ்வொரு இருக்கை. அதனால் இது மூன்று பேர் போகும் ஸ்போர்ட்ஸ் கார்.

இரண்டாவது, உடல்கூடு முழுவதும் கார்பன் ஃபைபர். ஃபார்முலா 1-இல் வழக்கத்துக்கு வந்திருந்த இந்தப் பொருளில் முழுக் கூட்டையும் செய்து விற்பனைக்கு வந்த முதல் ரோடு கார் இதுதான். இரும்பைவிட மிக இலேசு, ஆனால் உறுதி.

மூன்றாவது, இன்ஜின். ஹோண்டாவிடம் கேட்டுப் பார்த்தார், அமையவில்லை. அப்போதுதான் பழைய நண்பர் பால் ரோஷே கைகொடுத்தார். பிஎம்டபிள்யூவில் இந்த காருக்கென்றே 6.1 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின் ஒன்றைச் செய்தார். 600 குதிரைத்திறனுக்கும் மேல். டர்போ கிடையாது. காரணம், ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியில் கார் பதில் சொல்ல வேண்டும் என்பதில் முர்ரே பிடிவாதமாக இருந்தார்.

இன்ஜின் அறையின் வெப்பம் கார்பன் கூட்டைத் தாக்காமல் இருக்கத் தங்கத் தகடு ஒட்டினார்கள். பார்க்க ஆடம்பரம் மாதிரி இருந்தாலும், வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டிக்காரப் பொருள். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை. காரோடு கொடுத்த ஸ்பேனர் செட் கூட டைட்டானியம். சிடி பிளேயர் உண்டு, ரேடியோ கிடையாது!

1992 மே மாதம் மொனாக்கோவில் அறிமுகமானபோது காரின் எடை சுமார் 1,140 கிலோ. அதே காலத்து புகாட்டி இபி110 1,500 கிலோவுக்கும் மேல். 1998-இல் ஜெர்மனியில் நடந்த சோதனையில் மெக்லாரன் எஃப்1 மணிக்கு 386.4 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

1995-இல் இன்னொரு ஆச்சரியம். ரோட்டுக்காகக் கட்டிய காரை ரேஸுக்கு மாற்றித் தரச் சொல்லி வாங்கியவர்களே நச்சரித்தார்கள். முர்ரே முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். பிரான்ஸின் லீ மான் நகரில் நடக்கும் 24 மணி நேர ரேஸ், அதற்கென்றே பிறந்த ரேஸ் கார்கள் ஆளும் இடம். முதல் முயற்சியிலேயே மெக்லாரன் எஃப்1 ஒட்டுமொத்த வெற்றி பெற்றது. 3, 4, 5-ஆம் இடங்களும் அதற்கே.

அப்போ வியாபாரம்? அங்கேதான் அடி. 90-களின் தொடக்கத்துப் பொருளாதார மந்தத்தில் கார் மாட்டிக்கொண்டது. எல்லா வகையும் சேர்த்து மொத்தமே 106 கார்கள்தான் கட்டப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு வாங்க ஆள் தேட வேண்டியிருந்த அதே காரில் ஒன்று, 2021-இல் அமெரிக்காவில் 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி ரூபாய்!

நமக்கு வராமல் போன கார்

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான். மெக்லாரனை விட்டு வந்த முர்ரே, 2007-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பணக்காரர்களுக்கு அடுத்த சூப்பர் கார் கட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கையில் எடுத்ததோ ஊருக்குள் ஓட்டும் குட்டி கார்.

‘டி.25’ என்ற அந்த கார் 2010-இல் வெளியே வந்தது. நீளம் 2.4 மீட்டர். நம்ம மாருதி 800-ஐவிடக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குட்டை. எடை 600 கிலோவுக்கும் கீழே. இதிலும் ஓட்டுபவர் நடுவில், பின்னால் இரண்டு பேர். ஒரு கார் நிறுத்தும் இடத்தில் மூன்றை நிறுத்தலாம் என்பது கணக்கு.

காரைவிட முக்கியம் அதைக் கட்டும் முறை. சாதாரணமாக கார் தொழிற்சாலை என்றால் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ராட்சத பிரஸ் இயந்திரங்கள் வேண்டும், அதற்கே பெரும் முதலீடு போய்விடும். முர்ரே அவற்றை ஒதுக்கினார். குழாய்களால் ஒரு சட்டம், அதில் ஒட்டும் இலேசான பலகைகள் என்று ஃபார்முலா 1 அனுபவத்தை மலிவு விலைக்கு இறக்கப் பார்த்தார். சின்ன தொழிற்சாலை, குறைந்த மின்சாரம், இலேசான கார். ஏழை நாடுகளுக்காக, பிரித்துத் தட்டையாக அடுக்கி அனுப்பி, போன இடத்தில் பூட்டிக்கொள்ளும் ‘ஆக்ஸ்’ என்ற லாரியையும் வடிவமைத்தார்.

டி.25 உற்பத்திக்கு வரவே இல்லை. பெரிய கார் நிறுவனங்கள் பிரஸ் இயந்திரங்களில் ஏற்கெனவே பணத்தைக் கொட்டியிருந்தன. வாங்குபவர்களோ பெரிய காரையே பெருமையாக நினைத்தார்கள். உலகமே எஸ்யூவி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. எடை கூடியதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. விபத்தில் உயிர் காக்கும் வலுவான கூடு, ஏர்பேக், மின்சார காரில் பேட்டரி என ஒவ்வொன்றும் கிலோக்களைச் சேர்க்கும். ஆனால் 70 கிலோ மனிதர் ஒருவர் ஆபீஸ் போக ஒன்றரை டன் வண்டி தேவையா என்ற முர்ரேயின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

டி.1-இலிருந்து டி.50 வரை

2020 ஆகஸ்ட். முர்ரேவுக்கு 74 வயது. தன் பெயரிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார். பெயர் டி.50. டர்பனில் கட்டிய டி.1-இலிருந்து எண்ணி வந்தால் இது 50-ஆவது வடிவமைப்பு. அந்த எண்ணை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மெக்லாரன் எஃப்1-இல் திருப்தி இல்லாத எல்லாவற்றையும் இதில் சரிசெய்தார். நடுவில் ஸ்டீயரிங், மூன்று இருக்கை, கையால் போடும் கியர். காஸ்வொர்த் நிறுவனம் செய்துகொடுத்த 3.9 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை சுற்றும். இன்ஜினின் எடை 178 கிலோதான். பின்பக்கம் பார்த்தால் 40 செ.மீ. அகல ஃபேன்! 1978-இல் தடைசெய்யப்பட்ட அதே யோசனை, 42 வருஷம் கழித்து ரோடு காரில் சட்டபூர்வமாகத் திரும்பி வந்தது. ரேஸ் மைதானத்துக்கான வகைக்கு, 2019-இல் மறைந்த நிக்கி லாடாவின் பெயரையே வைத்தார்.

எடைக்கென்றே வாராவாரம் மீட்டிங் நடந்தது. போல்ட், நட்டு, கண்ணாடி, பெடல் என ஒவ்வொன்றையும் எடுத்து, இதில் இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டார்கள். முடிவில் காரின் எடை 1,000 கிலோவுக்கும் கீழே. நம்ம ரோட்டில் ஓடும் மாருதி ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோ. அதாவது 12 சிலிண்டர், 650 குதிரைத்திறன் கொண்ட ஒரு கார், ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கின் எடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

விலை? வரி இல்லாமல் 23.6 லட்சம் பவுண்டு. அன்றைக்கு நம்ம காசில் சுமார் 23 கோடி ரூபாய். மொத்தம் 100 கார்கள்தான்.

கடைசியில் யாருக்கு?

காசில்லாத ஒரு மாணவன் வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்ட வித்தை, 50 வருஷத்தில் உலகத்தின் மிக விலையுயர்ந்த ஆடம்பரங்களில் ஒன்றாகிவிட்டது. எல்லோருக்குமான டி.25 வரவில்லை. நூறே பேருக்கான டி.50 வந்துவிட்டது. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? ரேஸ் ரசிகர்கள் ஒரு பதில் சொல்வார்கள், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டவர்கள் வேறு பதில் சொல்வார்கள்.

ஆனால் முர்ரே கேட்டுப் பழகிய கேள்விக்கு எந்த விலையும் கிடையாது. அதை நாமும் கேட்கலாம். அடுத்த முறை கார் ஷோரூமுக்குப் போகும்போது டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச், சன்ரூஃப் உண்டா என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே ‘கர்ப் வெயிட் எவ்வளவு?’ என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதாவது, ஆள் ஏறாமல் காரின் மொத்த எடை. சேல்ஸ்மேன் கொஞ்சம் முழிக்கலாம். பரவாயில்லை. நீங்கள் ஒவ்வொரு மாதமும் பெட்ரோல் போட்டு இழுக்கப் போவது அந்த எடையைத்தான்.